துப்பாக்கிக்கு அடித்த முளைகள்

1

அம்மா போய்ச் சேர்ந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. இங்கே இருக்கிற மாதா கோயிலில் அவள் ஆத்துமத்துக்குப் பூசைக்குச் சொல்லி வைத்தேன். வெள்ளைக்காரச் சாமியாருக்கு அம்மாவின் சவரியம்மா என்ற பெயர் வாயில் நுழையவில்லை. மூன்று முறை சொல்லிக் கொடுத்தேன், நான்காவது முறை நானே எழுதி நீட்டிவிட்டேன். பூசைக்குக் கட்டிக்கொள்ள வெள்ளைப் புடவை வேண்டும் என்று அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டுத் துழாவினேன். புடவைக்குப் பின்னால் ஒரு துண்டு. துண்டுக்குள் கனமாக ஏதோ ஒன்று. பிரித்துப் பார்த்தால் கைத்துப்பாக்கி.

நான் அமெரிக்காவில் இந்த ஒஹாயோ மாநில ஊருக்கு நர்சாக வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் வேலை. துப்பாக்கிக் குண்டு பட்டவர்களை எத்தனையோ பேரைப் பார்த்தாகிவிட்டது. ஆனால் துப்பாக்கியைக் கையில் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். மறுபடி துண்டிலேயே சுற்றினேன்.

என் வீட்டுக்காரர் ஜெயராஜ் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திருவள்ளூர்க்காரர். இங்கே ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருந்தார். அதை மூடிவிட்டார்கள். இப்போது பெட்ரோல் பங்கில் நிற்கிறார். துண்டோடு கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன்.

"இது இன்னாது?"

"பாத்தா தெரியலயா?"

"தெரியுது. எப்படி நம்ம ஊட்டுக்கு வந்துச்சின்னு கேக்கறேன்."

"வாங்கினேன். போன மாசம் பங்குல ஒருத்தன் கத்தி காட்டினான்ல? மறுபடி வந்தா நான் இன்னா பண்றது, வேடிக்க பாத்துக்கினு நிக்கறதா?"

பங்குக்குப் பெட்ரோல் போட வந்த ஒருவன் காரின் பின்கதவைத் திறந்து காட்டினானாம். விலை பேசினார்களாம். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டதாம்.

"அந்தாளு உன்ன ஒண்ணுமே கேக்கலயா?"

"கேட்டான். பையில போட்டுத் தரட்டுமான்னு கேட்டான்."

பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. இந்த நாட்டில் நூலகத்தில் ஒரு புத்தகம் எடுப்பதற்கு நான் இரண்டு அத்தாட்சி காட்டினேன். நர்ஸ் லைசென்ஸ் வாங்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். எங்கள் சேரியில் யாருக்கு அதெல்லாம் இருந்தது? ஞானஸ்நானச் சீட்டை ஊரிலிருந்து வரவழைத்து, அதை ஒருவர் மொழிபெயர்த்து, அதற்கு இன்னொருவர் சத்தியம் செய்து, ஏழு மாதம் அலைந்தேன். துப்பாக்கிக்குக் காகிதப் பை வேண்டுமா வேண்டாமா என்பது மட்டும்தான் கேள்வி. அடேயப்பா, எவ்வளவு பெரிய தேசம், எவ்வளவு பெரிய நம்பிக்கை!

கடைக்காரன் விற்றால் ஒரு படிவம் உண்டு. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு விற்றால் இங்கே ஒன்றும் கிடையாது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஜெயராஜ் கெட்டவர் இல்லை. ஆனால் வேலை போனபிறகு கோபம் வந்தால் கைக்கு எது கிடைக்கிறதோ அது பறக்கிறது. ஒரு தடவை டெலிபோனைப் பிடுங்கி எறிந்தார். சுவரில் விழுந்த பள்ளத்தை மறைக்க நான் காலண்டர் மாட்டி வைத்திருக்கிறேன். மறுநாள் எங்கள் மகள் லில்லிக்கு மூன்று பொம்மைகள் வாங்கிவந்து, கொடுக்கும்போதே அழுதார். எனக்கு இது புதிதில்லை. பொம்மைதான் புதிது, அழுகை நான் பிறந்த வீட்டிலேயே பார்த்தது.

2

கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே நடந்தால் எங்கள் ஊர். அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குப் பதினொரு வயசு.

என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். பெயர் அந்தோணி. அதுவரை கோபால் நாயுடுவின் நிலத்தில் கூலிக்கு உழுதவர். அந்த வருஷம்தான் காட்டோரமாக ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து வேர்க்கடலை போட்டார். எங்கள் வம்சத்தில் முதல் முதலாக ஒருவர் தன் கணக்கில் போட்ட விதை. நைனா விடிந்ததும் போய்ச் செடியைச் செடியாகத் தடவிப் பார்த்துவிட்டு வருவார்.

காய் பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்றிகள் இறங்க ஆரம்பித்தன. ஒரு தடவை இறங்கினால் ஏர் ஓட்டின மாதிரி நிலத்தைப் புரட்டிப் போட்டுவிடும்.

நாயுடுவிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. குழாய்க்குள் கரிமருந்து போட்டுக் குத்திக் கெட்டிக்கிற வகை. பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். தேர்தல் வந்தால் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஒப்படைக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடப்பார், ஓட்டு எண்ணி முடிந்தபிறகு போய் வாங்கிவருவார். அவருக்குக் கண் மங்கிவிட்டது.

"அந்தோணி, எனக்கு எதிர்ல நிக்கறது பன்னியா மனுசனான்னு தெரியலடா. நீயே இத்த வாங்கிக்கோ. என் கொல்லையையும் சேத்துப் பாத்துக்கோ" என்றார்.

நாயுடு எங்கள் நைனாவுக்குத் தன் துப்பாக்கியை விற்கிறேன் என்று சொன்னது ஊரில் பெரிய பேச்சாகிவிட்டது. சேரிக்காரன் தோளில் துப்பாக்கியா என்று மேலத்தெருவில் முணுமுணுத்தார்கள். நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே எங்கள் குடிசையில் வாசற்படிக்கு மேலே, மண்சுவரில், இரண்டு வேப்பமர முளைகளை அடித்தார். துப்பாக்கியைக் கிடத்தி வைக்க. கை தூக்கினால் எடுக்கிற உயரம்.

ஆனால் நாயுடு நினைத்தவுடன் கொடுக்க முடியாது, நைனா நினைத்தவுடன் வாங்க முடியாது. நாயுடு விற்கப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். நைனா வாங்கப்போகிறேன் என்று மனுப் போட்டார். கிராம முன்சீப் ஒரு கையெழுத்து, கர்ணம் குத்தகை நிலத்துக்கு ஒரு கையெழுத்து, பொன்னேரி தாலுக்கா ஆபீசில் பல கையெழுத்து. நைனா பொன்னேரிக்கு நடந்த நடையில் செருப்பே தேய்ந்துபோயிற்று. கடைசியாக, ஊரில் வந்து விசாரிக்கப் போலீஸ் வரும், அதுவரை காத்திரு என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒரு துப்பாக்கி வாங்கறதுக்கு இவ்ளோ பேஜாரா?" என்று நைனா கத்துவார். பன்றி காத்திருக்குமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான், இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

3

ஏட்டு ஒருநாள் காலையில் சைக்கிளில் வந்தார். நாயர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தொடைமேல் அட்டையை வைத்துக்கொண்டு, ஊர்க்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"இவன் எப்படிப்பட்டவன்? குடிப்பானா? யாரோடயாவது பகை இருக்குதா? கோவக்காரனா?"

மதுவிலக்குக் காலம். குடிப்பானா என்று போலீஸ் கேட்டால் ஊரே பால் குடிக்கிற ஊராகிவிடும். ஐந்து பேர் சொன்னார்கள். தங்கமான மனுசன், வாய் திறக்கமாட்டான், எறும்பை மிதிக்கமாட்டான் என்று அளந்தார்கள். மேலத்தெருவில் முணுமுணுத்தவர்களும் நாயுடுவின் முகத்துக்காக நல்லதாகவே சொன்னார்கள். நைனா பக்கத்தில் கைகட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மனிதருக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

ஏட்டு பேனாவை மூடப்போனவர், சும்மா இருக்காமல் நைனாவை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாய்யா, எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்கோ. சொல்லி வெச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டார்.

நைனாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அங்கேதான் அவர் அந்தத் தப்பைச் செய்தார்.

"ஏட்டய்யா, சந்தேகம்னா வாங்கோ. எங்க ஊட்டுக்காரியயே கேளுங்கோ!"

எந்த ஆம்பளையும் செய்கிற தப்புதான். பெண்டாட்டி ஊரார் முன்னால் வேறு என்ன சொல்லிவிடப் போகிறாள் என்கிற தைரியம். ஏட்டு எழுந்தார். பின்னாலேயே ஊரும் எழுந்தது.

அம்மா வாசலில் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். போலீஸைக் கண்டதும் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இந்தாம்மா, உன் புருசனுக்குத் துப்பாக்கி குடுக்கலாமா?"

என் அம்மாவை அதுவரைக்கும் யாரும் எதையும் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக் கேட்கவில்லை, குத்தகைக்குக் கேட்கவில்லை, முளை அடிக்கவும் கேட்கவில்லை. அவள் முறத்தைக் கீழே வைத்தாள். நைனாவைப் பார்த்தாள், பிறகு ஏட்டைப் பார்த்தாள்.

"நல்ல மனுசன்தாங்கய்யா. பொய் சொல்லமாட்டேன். ஆனா வேணாங்கய்யா."

நைனா, "ஏய்!" என்றார்.

ஏட்டு கையைக் காட்டி அவரை அடக்கினார். "நீ சொல்லும்மா."

"கோவம் வரசொல்ல கையில இன்னா இருக்குதுன்னு அவருக்குத் தெரியாதுங்கய்யா. ஒருவாட்டி சொம்பு இருந்துச்சி, ஒருவாட்டி உலக்க இருந்துச்சி. அப்பால அவரே குந்திக்கினு அழுவாரு. துப்பாக்கி இருந்துச்சின்னா அவரு அழசொல்ல கேக்கறதுக்கு ஊட்ல யாரும் இருக்க மாட்டோம்."

ஏட்டு வாசற்படிக்கு மேலே பார்த்தார். புத்தம் புதிய முளைகள் இரண்டு. அப்புறம் வாசலில் கிடந்த வெறும் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதினார். எழுதிவிட்டு, "படிச்ச புள்ள யாரு இங்க?" என்றார். நான்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. காகிதத்தை என்னிடம் நீட்டி, "உங்கம்மாவுக்குக் கேக்கற மாதிரி படி. கேட்டுட்டுத்தான் கைநாட்டு வெக்கணும்" என்றார்.

நான் படித்தேன். நைனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மனுதாரர் நல்லவர். மனைவி ஆட்சேபம்." அவ்வளவுதான் கடைசி வரி. அம்மா கட்டைவிரலை நீட்டினாள். அழுத்தி வைத்தாள்.

இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அந்தப் பிரமிப்புத் தீரவில்லை. காக்கிச் சட்டை போட்ட ஒரு மனிதன் சைக்கிளை மிதித்துவந்து, எழுதப்படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரியிடம், கொடுக்கலாமா என்று கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். சர்க்கார் அதை எழுதிக்கொண்டது!

4

மனு தள்ளுபடியானது. நைனா மூன்று மாதம் அம்மாவோடு பேசவில்லை. என்னோடும்தான். "நீயும் படிச்சியே" என்று மட்டும் ஒருநாள் சொன்னார். சோற்றை வைத்தால் எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

அந்த வருஷம் பன்றிகள் பாதிக் கடலையைத் தின்றுவிட்டன. நானும் அம்மாவும் தகரத்தைத் தட்டிக்கொண்டு கொல்லையைச் சுற்றிச் சுற்றி ஓடினோம். நாங்கள் அரைவயிறு சாப்பிட்ட வருஷம் அது. அம்மா அதற்காக ஒரு வார்த்தை வருத்தப்பட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த பருவத்தில், பக்கத்து நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்த சித்தப்பாவோடு வரப்புத் தகராறு வந்தது. சித்தப்பா என்றால் நைனாவின் கூடப்பிறந்த தம்பி. மடையை மாற்றித் திருப்பிக்கொண்டார். வாய்ச்சண்டை முற்றி, தங்கள் இருவருடைய செத்துப்போன தாயையே இழுத்துத் திட்டிவிட்டார். நைனா கொல்லையிலிருந்து ஓடிவந்தார். நான் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் முகம் மனித முகமாக இல்லை. பின்னாலேயே சித்தப்பா, "வாடா பாக்கலாம்" என்று கத்திக்கொண்டு வருகிறார்.

நைனா ஒரே தாவில் வாசற்படியேறி மேலே கையைத் தூக்கினார். துப்பாக்கி இருக்கிற இடத்துக்கு. வராத துப்பாக்கி. அவர் கை இரண்டு முளைகளுக்கும் நடுவில் வெறும் சுவரைப் பிடித்தது.

அப்படியே நின்றார். சித்தப்பாவும் வாசலில் வந்து நின்றுவிட்டார், அந்தக் கை எதைத் தேடுகிறது என்று அவருக்கும் புரிந்துவிட்டது. நைனா மெதுவாகக் கையை இறக்கி, படியிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். அம்மா உள்ளேயிருந்து வந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார்.

"சவரி, நீ சொன்னது சரிதான்" என்றார். தம்பி காதில் விழுகிற மாதிரியே சொன்னார்.

முளைகளை அவர் பிடுங்கவேயில்லை. பிறகு அதில் குடை தொங்கியது. இப்போது அந்த வீட்டில் இருக்கிற என் தம்பி, அன்றைக்குக் கைக்குழந்தை, போன வாரம் எழுதியிருக்கிறான், கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் அளக்கிறார்களாம், நம் பக்கமும் வரலாமாம். கடலைக் கொல்லை போனால் போகட்டும். அந்தச் சுவர் இடிந்தால் முளைகளை எடுத்து வை என்று பதில் எழுதியிருக்கிறேன். பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

5

இந்த ஊர் நகர சபையில், தனியார் ஒருவருக்கொருவர் துப்பாக்கி விற்பதைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். விற்கிறவர் முதலில் போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும், வாங்குகிறவரை விசாரித்த பிறகே கைமாற வேண்டும் என்று. சனிக்கிழமை காலை பொது விசாரணை. யார் வேண்டுமானாலும் வந்து மூன்று நிமிஷம் பேசலாம்.

ஜெயராஜ், "நான் வேடிக்க பாக்க வரேன்" என்றார். லில்லியையும் கூட்டிப்போனோம். பத்து வயசு. வீட்டில் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை. "எல்லார் வீட்டிலும்தான் துப்பாக்கி இருக்கிறது மம்மி, ஏன் இவ்வளவு பதற்றம்?" என்று காரில் கேட்டாள்.

பள்ளிக்கூடக் கூடத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். ஒரு வயசான விவசாயி எழுந்தார். "என் தகப்பனார் துப்பாக்கியை என் மகனுக்குக் கொடுக்க நான் எவனிடம் அனுமதி கேட்க வேண்டும்?" என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று, கோபால் நாயுடு பேசுகிற மாதிரியே இருந்தது. இன்னொருவர், "திருடன் எழுதிக் கொடுத்துவிட்டா வாங்குவான்? நல்லவன்தான் அலைவான்" என்றார். நைனாவின் செருப்பு ஞாபகம் வந்தது. ஒரு பள்ளி ஆசிரியை, "ஒரு நாய்க்கு லைசென்ஸ் கேட்கிறோம், இதற்குக் கேட்கக் கூடாதா?" என்றார். சர்க்காரை அதன் முகத்துக்கு நேரே இப்படித் திட்டுகிறார்கள், தலைவர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிடுகிறார்! எங்கள் முன்சீப் எதிரில் நைனா உட்கார்ந்ததே கிடையாது. நான் பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. மைக்கின் முன்னால் நின்றேன். ஆஸ்பத்திரியில் நன்றாக வருகிற இங்கிலீஷ் அங்கே காலை வாரிவிட்டது. செத்துப்போன அம்மாவை இருக்கிறாள் என்றும், இருக்கிற புருஷனை இருந்தார் என்றும் சொல்லிவிட்டேன். சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் டீக்கடை பெஞ்சையும், ஏட்டையும், முறத்தையும், ஏட்டு சொன்னபடி அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி நான் படித்த கடைசி வரியையும், முளைகளையும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"உங்கள் படிவத்தில் ஒருவன் ஜெயிலுக்குப் போனானா என்று இருக்கிறது. என் தகப்பன் போனதில்லை. படிவத்தில் அவர் தேறியிருப்பார். வீட்டில் பறக்கிற சொம்பு எந்தக் காகிதத்திலும் இருக்காது, வீட்டுக்காரிக்குத்தான் தெரியும். அவளைக் கேட்க ஒரு ஆள் வரவேண்டும். வருவதற்குக் கொஞ்ச நாள் ஆகவேண்டும்."

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "பெண்டாட்டிக்குப் புருஷன்மேல் கோபம் இருந்தால்? பழிவாங்கச் சொன்னால்?"

"அவள் வேண்டாம் என்றதால் அந்த வருஷம் எங்கள் சாப்பாட்டைப் பன்றி தின்றது. பழிவாங்குவதற்காகப் பிள்ளையைப் பட்டினி போடுகிறவளை நான் பார்த்ததில்லை" என்றேன். மணி அடித்தது. தலைவர் நன்றி என்றார். நான் மைக்கை விடவில்லை.

"என் வீட்டிலும் ஒரு துப்பாக்கி இருக்கிறது. கார் டிக்கியிலிருந்து வந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது."

திரும்பி வந்தால் ஜெயராஜின் நாற்காலி காலி. லில்லி மட்டும் அவர் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "டாடி வெளியே போய்விட்டார்" என்றாள்.

6

கூட்டத்தில் தீர்மானத்தைத் தள்ளிவைத்தார்கள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். எனக்கு அப்போது அதெல்லாம் காதில் ஏறவில்லை. லில்லியை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். அவர் காரை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். ஏறினோம். வீடு வந்ததும் எங்களைப் பார்க்காமலே விறுவிறுவென்று உள்ளே போனார்.

நான் லில்லியை உள்ளே விடவில்லை. வாசலிலேயே அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மாதாவே, மாதாவே என்று மட்டும் வாய் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று பார்த்தேன். எங்கள் குடிசையில் அன்றைக்கு அந்தக் கைக்குக் கிடைக்காதது இந்தக் கைக்கு இருக்கிறது.

அவர் துண்டு மூட்டையோடு வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"வண்டியில ஏறு."

"எங்க?"

"ஏறேன். நடுரோட்ல நிக்க வெச்சிக்கினு கேள்வி கேக்காத."

போலீஸ் ஸ்டேஷன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மூட்டையைப் பிரித்து, குண்டுகளை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, எங்களை விநோதமாகப் பார்த்தார். இதை வைத்துக்கொள்வதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லையே, எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஜெயராஜ் துண்டை மட்டும் மடித்துத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதிகாரி இழுப்பறையைத் துழாவி ஒரு படிவத்தை எடுத்தார். கண்டெடுத்த பொருள், திருட்டுப் பொருள், வேறு காரணம் என்று மூன்று கட்டங்கள். மூன்றாவதற்குப் பக்கத்தில் எழுத ஒரு கோடு.

ஜெயராஜ் பேனாவை வாங்கி மூன்றாவது கட்டத்தில் குறி போட்டார். பிறகு இரண்டே வார்த்தை எழுதி, படிவத்தை என் பக்கம் தள்ளாமல் லில்லியின் பக்கம் தள்ளினார்.

"உங்கம்மாவுக்குக் கேக்கற மாதிரி படி" என்றார்.

லில்லி மேசையை எட்டிப் பிடித்துக்கொண்டு, இங்கிலீஷில், தெளிவாக, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தாள்.

"மனைவி ஆட்சேபம்."